அக்கிக்குப் பின் தங்கிவிடும் வலியும் டென்ஸ் கருவியும்

அக்கி வந்து ஆறிய பின்னும் பெரியம்மாவுக்குத் தங்கிவிட்ட விலாப்பக்கத்து வலிக்கு, தோலில் பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்துடிப்புச் செலுத்தும் டென்ஸ் (TENS) கருவியை நாங்கள் பாவிக்கிறோம் என்பது உறவினர்களுக்கும் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருப்பவர்களுக்கும் தெரியவந்ததிலிருந்து, தொலைபேசியிலும் படிக்கட்டிலும் என்னிடம் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: அந்தக் கருவி உண்மையில் வேலை செய்கிறதா, அல்லது வயதானவர்களின் மனத்தைத் தேற்றுவதற்கு விற்கப்படும் இன்னொரு சாமானா? ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட ஓரிடத்தில் முழுமையாக எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. நான் வைத்தியன் அல்லன். மின்சாரத் துறையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே நோயைப் பற்றி எழுதும்போது வைத்தியர்கள் சொன்னதையும் தேடிப் படித்ததையும் எழுதுகிறேன். மின்னோட்டத்தைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலருக்கு வேலை செய்கிறது. அது நோயை மாற்றுவதில்லை, வலியைச் சில மணி நேரத்துக்குத் தணிக்கிறது. அந்தத் தணிவும் ஒட்டுப்பட்டைகளை உடம்பில் எந்த இடத்தில் ஒட்டுகிறோம் என்பதைப் பெருமளவுக்குப் பொறுத்திருக்கிறது. முதல் இரண்டையும் கருவியோடு வரும் துண்டுக் கடதாசியிலேயே வாசிக்கலாம். மூன்றாவதைத்தான் யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை என்பதும், 'நாங்களும் வாங்கினோம், ஒரு பயனும் இல்லை' என்று அலுத்துக்கொள்பவர்களில் பலர் அந்த இடத்தில்தான் தவறியிருக்கிறார்கள் என்பதும் என் எண்ணம்.

அக்கி புதிதாக வெளியிலிருந்து வந்து பிடிக்கும் நோய் அன்று. சிறு வயதில் கொப்புளிப்பான் வந்து, அம்மாள் வந்திருக்கிறா என்று வேப்பிலை பரப்பிப் படுக்கவைத்து, தலைக்குத் தண்ணீர் வார்த்து முடித்த பிறகும் அந்த வைரசு உடம்பைவிட்டுப் போவதில்லை. முள்ளந்தண்டின் இரு பக்கங்களிலும், உணர்ச்சி நரம்புகளின் வேருக்கு அருகே உள்ள நரம்புத் திரட்டுகளில், அது பல பத்தாண்டுகள் ஒடுங்கிக் கிடக்கிறது. வயதினாலோ, வேறொரு நோயினாலோ, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளினாலோ உடம்பு தளரும் காலத்தில் ஏதோ ஒரு திரட்டில் மட்டும் விழித்து, அந்த ஒரு நரம்பின் வழியே தோலுக்கு இறங்குகிறது. கொப்புளங்கள் உடம்பின் ஒரே பக்கத்தில், ஒரு பட்டிபோல, நடுக்கோட்டைத் தாண்டாமல் போடுவதற்குக் காரணம் இதுதான். இறங்கி வரும் வழியில் அந்த நரம்பையும் அதன் திரட்டையும் வைரசு புண்ணாக்கிவிடுகிறது. தோல் ஆறிவிடும், நரம்பு ஆறாமற்போகலாம். கொப்புளம் தோன்றி மூன்று மாதங்கள் கடந்த பின்னும் வலி நீடித்தால் அதை அக்கிக்குப் பிந்திய நரம்பு வலி என்று வைத்தியர்கள் வகைப்படுத்துகிறார்கள். அக்கி கண்டவர்களில் பத்தில் ஒருவர் தொடக்கம் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வரை இந்த நிலைக்கு வருகிறார்கள். வயது கூடக்கூட இந்த விகிதமும் கூடுகிறது.

பெரியம்மாவுக்கு அது 2022 இன் தொடக்கத்தில் வந்தது. இடது மார்புக்குக் கீழே, முதுகிலிருந்து விலாவைச் சுற்றி முன்பக்கம் வரைக்கும். முதலில் கொப்புளமே இல்லை, எரிவும் குத்தும் மட்டும்தான். இடது பக்கம் என்பதால் எல்லோரும் பயந்து இருதயத்துக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்தோம். அதில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு சிவந்து கொப்புளம் போட்டபோது, 'சூட்டுக்கு வந்தது' என்று அவரே சந்தனம் அரைத்துப் பூசிக்கொண்டு எவருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டார். அசைக்ளோவிர் மாத்திரை 800 மில்லிகிராமாக நாளுக்கு ஐந்து தடவை, ஏழு நாட்கள் கொடுப்பது வழமை. கொப்புளம் தோன்றி 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கினால்தான் அதன் பயன் முழுமையாகக் கிடைக்கும். எங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. நேரத்துக்குக் கொடுத்திருந்தால் பிந்திய வலி வராமல் தடுத்திருக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அந்த மருந்து ஆரம்ப நோயின் கடுமையையும் காலத்தையும் குறைக்கிறது. நீண்டகால வலியைத் தடுக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. யாரையும் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இந்த வலியை அருகிருந்து பார்க்காதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். கத்தி குத்துவது போன்ற வலி வரும், போகும், அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். தாங்க முடியாதது தொடுகை. பெரியம்மா வீட்டில் உடுத்தும் பருத்திச் சோட்டியின் துணி அந்த இடத்தில் உரசினால் துடித்துப்போவார். ஆகவே இரண்டு விரல்களால் துணியை நுள்ளி உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடியே நடப்பார், சாப்பிடுவார், கடவுளைக் கும்பிடுவார். சித்திரை மாதத்துக் கொழும்பு வெயிலில், கடற்காற்றும் செத்துக் கிடக்கும் நேரத்தில், மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். ஏனென்றால் காற்றுப் பட்டாலும் அந்த இடத்தில் தீயாய் எரியும். சாதாரணமாக இதமான தொடுகையைக் கொண்டுசெல்ல வேண்டிய நரம்புப் பாதை வலியின் பாதையோடு குழம்பிப்போய்விடுவதால் இப்படி ஆகிறது. விந்தை என்னவென்றால், அதே பட்டிக்குள் சில இடங்களில் கிள்ளினாலும் தெரியாத மரத்த தோலும் இருக்கிறது. இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் டென்ஸ் கருவியின் விடயத்தில் முக்கியமாகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பரசிற்றமோல் இந்த வலியை எட்டியும் பார்ப்பதில்லை. அமிற்றிப்டிலின், கபாபென்டின், பிரிகபலின் ஆகியவைதான் முதலில் கொடுக்கப்படுபவை. லிடோகெயின் பூசிய ஒட்டுத்துணியும், மிளகாயின் காரப் பொருளான கப்சைசினை 8 வீதம் கொண்ட ஒட்டுத்துணியும் சில நாடுகளில் பாவனையில் உள்ளன. மாத்திரைகள் பெரியம்மாவுக்கு உதவின. ஆனால் அளவைக் கூட்டியபோது வாய் வரண்டது, பகலெல்லாம் தூங்கி வழிந்தார், இரவில் கழிப்பறைக்கு எழும்பும்போது தள்ளாடினார். எழுபது தாண்டியவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் அக்கி வலியைவிடப் பெரிய சிக்கல் வந்துவிடும். போதாக்குறைக்கு அது 2022. மருந்துத் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த காலம். ஒரு பாமசியில் இருக்கும் மருந்து அடுத்த கிழமை இருக்காது. பெற்றோல் வரிசை தெருவைச் சுற்றி நின்றதால் வாரம் பல தடவை சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப்போவதும் நடக்காத காரியமாக இருந்தது. வீட்டிலேயே வைத்துச் செய்யக்கூடிய, மருந்தில்லாத வழி ஒன்றைத் தேடியது அந்த நெருக்கடியில்தான்.

மின்சாரத்தால் வலியைத் தணிக்கும் எண்ணம் பழையது. முதலாம் நூற்றாண்டில் உரோமில் வாழ்ந்த ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர், தலைவலிக்கும் கால் வீக்க வாதத்துக்கும் மின்னதிர்ச்சி தரும் திருக்கை வகை மீனை உயிருடன் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். ஆனால் அது ஏன் தணிக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் 1965 இல்தான் வந்தது. ரொனால்ட் மெல்சாக்கும் பற்றிக் வோலும் அந்த ஆண்டில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரையில், வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில், முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாணில், ஒரு வாயில் இருக்கிறது என்றார்கள். தொடுகையையும் அதிர்வையும் கொண்டுவரும் தடித்த நரம்பு நார்கள் சுறுசுறுப்பாக இருக்கும்போது, மெல்லிய நார்கள் கொண்டுவரும் வலிச் செய்திக்கு அந்த வாயில் ஒடுங்குகிறது. முழங்கை கதவில் இடித்தால் உடனே மறு கையால் அவ்விடத்தைத் தேய்க்கிறோமே, அதுவும் இதே வேலைதான். அவர்களுடைய வரைபடத்தின் சில பகுதிகள் பின்னர் திருத்தப்பட்டாலும், அடிப்படை எண்ணம் இன்றும் நிற்கிறது.

இரண்டு ஆண்டுகளில் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். வோலும் நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணரான வில்லியம் சுவீற்றும் முதலில் தங்கள் சொந்த முகத்து நரம்புகளிலேயே மின்துடிப்புச் செலுத்திப் பார்த்துவிட்டு, தோலில் கடும் நாட்பட்ட வலி உள்ள எட்டு நோயாளிகளிடம் அதைச் செய்து 1967 இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு துடிப்பும் 0.1 மில்லிசெக்கன், செக்கனுக்கு 100 துடிப்புகள், கூச்சம் தெரியும் வரை வோல்ற்றளவைக் கூட்டுதல். நரம்பிலேயே நோய் இருந்த நான்கு பேருக்கு, இரண்டு நிமிடம் செலுத்தியபின் அரை மணித்தியாலத்துக்கு மேல் வலி அடங்கியிருந்தது. இதைப் படித்தபோது எழுந்துபோய் எங்கள் கருவியின் திரையைப் பார்த்தேன்: 100 மைக்ரோசெக்கன், 100 ஹேர்ட்ஸ். அரை நூற்றாண்டுக்கு முன் இரண்டு பேர் தங்கள் கன்னத்தில் பரீட்சித்த அதே எண்கள். அதே 1967 இல் நோர்மன் ஷீலி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் முண்ணாணின் பின்புறத்தில் மின்வாயைப் பதித்தார். அப்படிப் பதிப்பதற்கு முன், நோயாளிக்கு மின் தூண்டல் ஒத்துவருமா என்று அறிய வெளியே தோலில் ஒட்டிப் பார்க்கும் கருவிகள் செய்யப்பட்டன. ஒத்துவந்தவர்களில் பலருக்கு அந்த வெளிக்கருவியே போதுமாக இருந்தது. டென்ஸ் தனிக் கருவியானது இப்படித்தான்.

அக்கிக்குப் பிந்திய வலி இந்தக் கதையில் ஓரத்தில் இருக்கவில்லை. 1974 இல் நேதனும் வோலும் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இந்த நோயைப் பற்றியதே. கடுமையான வலியுள்ள 30 பேரிடம் கையடக்கக் கருவியைக் கொடுத்து அவர்களையே நீண்ட நேரம் பாவிக்கச் சொன்னார்கள். 11 பேருக்கு நல்ல பலன் கிடைத்தது. மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். ஒரு நேர்மையான எதிர்பார்ப்பு எவ்வளவாக இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் இன்றும் அந்த விகிதத்தைத்தான் சொல்வேன்.

கருவி வீட்டுக்கு வந்தபோது பெரியம்மா முதலில் மறுத்துவிட்டார். "தம்பி, இவ்வளவு காலமும் கரண்டிலை கை வைக்காதை எண்டு எங்களுக்குச் சொன்னனீ, இப்ப நீயே எனக்குக் கரண்ட் அடிக்கப் போறியோ?" அவருடைய கேள்வி நியாயமானது, நம் வீடுகளில் உள்ள ற்றிப் சுவிச் 30 மில்லிஅம்பியர் கசிந்தாலே விழுந்துவிடுகிறது, டென்ஸ் கருவியோ அதே 30 மில்லிஅம்பியரைத் தோலுக்குள் அனுப்பக்கூடியது. வேறுபாடு மூன்று இடங்களில் இருக்கிறது. சுவரில் வரும் 230 வோல்ற் தொடர்ந்து பாய்வது. கருவியின் துடிப்போ 100 மைக்ரோசெக்கன் மட்டும் நீடிப்பது. செக்கனுக்கு நூறு துடிப்பு என்றாலும், கூட்டிப் பார்த்தால் ஒரு செக்கனின் நூற்றில் ஒரு பங்கு நேரம்தான் மின்னோட்டம் இருக்கிறது. அடுத்து, அது கையிலிருந்து காலுக்கு இருதயத்தைக் கடந்து போவதில்லை. அருகருகே உள்ள இரண்டு பட்டைகளுக்கு இடையே தோலை ஒட்டிய வழியில் போய்த் திரும்புகிறது. கடைசியாக, எங்களுடையது 9 வோல்ற் மின்கலத்தில் ஓடுவது. சுவரோடும் நிலத்தோடும் அதற்குத் தொடர்பே இல்லை. அந்த ஆண்டில் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரே மின்சாதனம் அதுதான் என்று பிள்ளைகள் பகிடி பண்ணினார்கள்.

இனி, இடத்தின் விடயம். கருவிக்காக முதலில் காலி வீதியில் ஒரு கடைக்குப் போனபோது, இருபது விதமான 'மசாஜ்' படங்கள் அச்சிட்ட ஒரு பெட்டியை எடுத்துக் காட்டிய விற்பனையாளர், "நோகிற இடத்திலேயே ஒட்டுங்கோ, கூட்டி விடுங்கோ" என்றார். அந்தப் பெட்டிக்குள் இருந்தது தசையைத் துடிக்கவைக்கும் வகைக் கருவி. நாங்கள் அதை வாங்கவில்லை; லண்டனிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் ஒருவன் பின்னர் டென்ஸ் கருவியையும் சில சோடிப் பட்டைகளையும் கொண்டுவந்து தந்தான். முழங்கால் வலிக்கும் நாரி வலிக்கும் 'நோகிற இடத்தில்' என்ற ஆலோசனை ஓரளவு சரி. அக்கி வலிக்கு அது பெரும்பாலும் தவறு. தொட்டாலே எரியும் தோலில் பட்டையை ஒட்டினால் மின்னோட்டமும் எரிவாகவே தெரியும். முதல் நாளிலேயே நோயாளி கருவியை வெறுத்துவிடுவார். மரத்துப்போன தோலில் ஒட்டினாலோ, எவ்வளவு கூட்டினாலும் ஒன்றும் தெரியாது. அங்கே தடித்த நார்கள் அழிந்துபோயிருக்கின்றன. வாயிலை ஒடுக்கும் செய்தியைக் கொண்டுபோக ஆள் இல்லை. தெரியவில்லையே என்று இன்னும் கூட்டினால் தோல் புண்ணாகும்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் இயன்மருத்துவர் ஒருவர், எரிபொருள் இல்லாத அந்த நாட்களில் நடந்தே வந்து, இதை எங்களுக்குச் செய்து காட்டினார். சின்னப் பிள்ளை, வேலையில் மிகவும் நிதானம். பஞ்சை ஒரு நுனியாகத் திரித்துக்கொண்டு பெரியம்மாவைக் கண்ணை மூடச் சொன்னார். "அம்மா, பஞ்சு படுற நேரம் 'ஓம்' எண்டு சொல்லுங்கோ. நொந்தால் 'நோகுது' எண்டு சொல்லுங்கோ. ஊகிச்சுச் சொல்ல வேண்டாம்." முதுகிலிருந்து தொடங்கி, விரல் அகலம் விரல் அகலமாக முன்னால் வந்தார். சில இடங்களில் 'ஓம்', சில இடங்களில் மூச்சை இழுத்தபடி 'நோகுது', சில இடங்களில் பஞ்சு பட்டும் மௌனம். ஒவ்வொன்றுக்கும் பேனையால் தோலில் ஓர் எல்லை கீறினார். "தம்பி, இவ என்ரை முதுகிலை படம் கீறுறா" என்று பெரியம்மா சிரித்தார். தமிழ்நாட்டில் அக்கிக்குக் குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கத்தை அவருக்குச் சொன்னேன்; அதற்கும் சிரித்தார்.

கீறி முடித்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நோகும் பட்டிக்கு மேலேயும் கீழேயும் உணர்ச்சி சரியாக உள்ள தோல் இருந்தது. முதுகில், அதே நரம்பு முள்ளந்தண்டிலிருந்து வெளியே வரும் மட்டத்தில், இடது பக்கமாக இன்னொரு நல்ல இடம் இருந்தது. ஒரு சோடிப் பட்டையை முதுகிலும், மற்றச் சோடியை விலாவில் பட்டியின் எல்லைக்கு வெளியே மேலொன்று கீழொன்றாகவும் ஒட்டினார். முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று என்று நெஞ்சைக் குறுக்கறுத்து மின்னோட்டம் போகும் வகையில் ஒருபோதும் ஒட்டக்கூடாது என்று என்னைப் பார்த்து இருமுறை சொன்னார். பிறகு ஒன்றிலிருந்து மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனார். பலமாகத் தெரிய வேண்டும், நோகக்கூடாது, தசை துள்ளக்கூடாது. அந்த அளவுக்கு வந்ததும் நிறுத்தி, பெரியம்மாவைப் பேச்சில் வைத்திருந்தார். சிறிது நேரத்தில் கூச்சம் மங்குவதாகச் சொன்னதும் இன்னும் ஒரு படி கூட்டினார். மெல்லிதாகத் தெரிந்தால் போதும் என்று பயந்து குறைத்து வைப்பவர்களுக்குப் பலன் கிடைக்காது என்பது அவர் சொன்ன இன்னொரு செய்தி.

அன்று பெரியம்மா சோட்டியை நுள்ளிப் பிடிக்காமல் இரவுச் சாப்பாட்டுக்கு வந்து இருந்தார். எல்லா நாளும் அப்படி அமைந்துவிடவில்லை. கருவி ஓடும்போது வலி நன்றாக இறங்கும். நிறுத்திய பின் சில நாள் ஒரு மணித்தியாலம், சில நாள் மூன்று மணித்தியாலம் அந்தத் தணிவு நிற்கும். மழை இருட்டிய நாட்களில் ஏனோ எதுவும் நடப்பதில்லை. ஆகவே அதை நேரம் பார்த்துப் பாவிக்கப் பழகினோம்: குளித்துவிட்டு உடுப்பு மாற்றுவதற்கு முன்பும், படுக்கப் போவதற்கு முன்பும், யாராவது பார்க்க வரும் நாட்களிலும். ஓட்டோவில் கோயிலுக்குப் போய்வருவது அவருக்குப் பெரிய சோதனையாக இருந்தது. குலுங்கும் ஒவ்வொரு முறையும் துணி உரசும். புறப்படுவதற்கு முன் அரை மணித்தியாலம் கருவியைப் போட்டுக்கொண்டு, மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போய் முழுப் பூசையும் இருந்துவிட்டு வந்தார். இரவு முழுவதும் ஒட்டிக்கொண்டு தூங்க மட்டும் நாங்கள் அவரை விடுவதில்லை.

சில நடைமுறை விடயங்களைக் கொழும்புக்காரர்களுக்காகச் சேர்க்கிறேன். இந்தப் பட்டைகளைச் செய்பவர்கள் நம் ஊர் வியர்வையை நினைத்துச் செய்யவில்லை. தோல் ஈரமாக இருந்தால் பட்டையின் ஓரம் கிளம்பும். கிளம்பினால் அதே அளவு மின்னோட்டம் ஒட்டியிருக்கும் சிறிய பரப்புக்குள் நெருங்கிப் போவதால் சுள்ளென்று குத்தும். கருவி பழுதாகிவிட்டது என்று பலர் நினைப்பது இந்த நேரத்தில்தான். தேங்காய் எண்ணெய் பூசிய உடம்பில் பட்டை ஒட்டவே ஒட்டாது, மின்னோட்டமும் சீராகப் போகாது. பெரியம்மாவுக்கு எண்ணெய்ப் பழக்கத்தை இரவுக்கு மாற்றுவது வலியைத் தணிப்பதைவிடக் கடினமாக இருந்தது. தோலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிட்டு ஒட்ட வேண்டும். பாவித்து முடிந்ததும் பட்டையின் பசைப் பக்கத்தில் ஒரு துளி தண்ணீரை விரலால் தடவி, அதனோடு வந்த தாளில் திரும்ப ஒட்டி, குளிர்ந்த இடத்தில் வைத்தால் நீண்ட நாள் வரும். இறக்குமதி நின்றுபோயிருந்த மாதங்களில் இப்படித்தான் ஒரு சோடியை இழுத்துப் பறித்து ஓட்டினோம்.

நாளடைவில் உடம்பு ஒரே மாதிரியான துடிப்புக்குப் பழகிவிடுகிறது என்பதால் மீடிறனை மாற்றி மாற்றி வைப்பதும் உண்டு. செக்கனுக்கு இரண்டு முதல் நான்கு துடிப்பு என்ற குறைந்த மீடிறனில், தசை மெல்லத் துள்ளும் அளவுக்குக் கூட்டி வைக்கும் முறை வேறு வழியால் வேலை செய்கிறது: உடம்பு தானாகச் சுரக்கும், மோர்பினை ஒத்த பொருட்களை அது கிளப்புகிறது. மோர்பின் வகை மருந்துகளைத் தொடர்ந்து எடுத்துவருபவர்களுக்கு இந்த இரண்டாவது முறை அவ்வளவு கைகொடுப்பதில்லை. பெரியம்மாவுக்கு விலா துள்ளுவது பிடிக்கவில்லை. நாங்கள் முதல் முறையோடு நின்றுவிட்டோம்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு, அது ஆர்வத்தோடு கைதட்டவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நரம்பு வலிகளுக்கு டென்ஸ் உதவுகிறதா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2017 இல் வெளியிட்ட மீளாய்வு, 724 பேர் பங்குபற்றிய 15 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. போலிக் கருவியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், பத்துக்கு எத்தனை என்று வலியை மதிப்பிடும் அளவுகோலில் ஏறத்தாழ ஒன்றரைப் புள்ளி குறைந்தது தெரிந்தது. ஆனால் ஆய்வுகள் சிறியவை, குறைபாடுள்ளவை, ஆகவே இந்தச் சான்றின் தரம் மிகவும் தாழ்ந்தது என்று முடிவு கூறினார்கள். பலன் இல்லை என்று நிரூபிக்கப்பட்டதாக அதை வாசிக்கக்கூடாது, பலன் உண்டு என்று நிரூபிக்கப்பட்டதாகவும் வாசிக்கக்கூடாது. மருந்தைப் போல இதைச் சோதிப்பதும் எளிதன்று. வெறும் மாத்திரையை நோயாளி கண்டுபிடிக்க மாட்டார். மின்னோட்டம் வருகிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரிந்துவிடும். பட்டையை எங்கே ஒட்டினார்கள், எவ்வளவு கூட்டினார்கள் என்பது ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுவதும் என் சந்தேகத்தை வலுப்படுத்துகிறது. அதே வேளை, கூச்சம் வரும்போது கவனம் வலியிலிருந்து திரும்புவதும், ஒருவர் பக்கத்தில் இருந்து அரை மணித்தியாலம் பார்த்துக்கொள்வதும் பெரியம்மாவின் தணிவில் ஒரு பங்கு வகித்திருக்கலாம். அதனால் எனக்கு வருத்தம் இல்லை.

இதற்கு அப்பாலும் வழிகள் உண்டு. புண்பட்ட நரம்புத் திரட்டுக்கு அருகே ஊசியைச் செலுத்தி, 42 பாகை செல்சியசைத் தாண்டாதபடி விட்டுவிட்டு வானொலி மீடிறன் துடிப்புகளைக் கொடுக்கும் சிகிச்சை ஒன்று. முண்ணாணை ஒட்டிய இடைவெளியில் மின்வாயைப் பதித்து, இடுப்புப் பக்கத்தில் தோலுக்கு அடியில் கருவியை வைக்கும் சத்திரசிகிச்சை இன்னொன்று. சீனாவிலும் யப்பானிலும், அக்கி வந்து சில வாரங்களே ஆனவர்களுக்கு அப்படிப்பட்ட மின்வாயை ஒன்றிரண்டு கிழமைகளுக்குத் தற்காலிகமாக வைத்து எடுக்கிறார்கள். வலி வேரூன்றுவதற்கு முன் நரம்பைத் தூண்டிவிட்டால் அது நாட்பட்டதாக மாறுவதைக் குறைக்கலாம் என்பது அவர்களுடைய நோக்கம். வலிச் சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் காட்டாமல் இவற்றைப் பற்றி முடிவெடுக்க முடியாது, செலவும் பெரிது. பெரியம்மாவோடு இதைப் பேசினோம். உடம்புக்குள் எதையும் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. ஆனால் இளையவர் ஒருவர் வலியால் வேலைக்கே போக முடியாமல் இருந்தால், டென்ஸோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்காமல் நிபுணரிடம் போவதுதான் சரி.

டென்ஸ் பாவிக்கவே கூடாதவர்களும் இருக்கிறார்கள். இருதயத்துக்குப் பேஸ்மேக்கர் அல்லது அதையொத்த கருவி வைத்திருப்பவர்கள் தங்கள் இருதய வைத்தியர் சம்மதிக்காமல் தொடக்கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்க வேண்டும். அக்கி முகத்திலும் கண்ணைச் சுற்றியும் வருவது அபூர்வமன்று. கண்ணுக்கு மேலோ, கழுத்தின் முன்பக்கத்திலோ, ஆறாத கொப்புளத்தின் மேலோ பட்டை ஒட்டக்கூடாது. வாகனம் ஓட்டும்போதும் குளிக்கும்போதும் கூடாது என்பதை எழுத வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஒருவர் கேட்டுவிட்டார்.

பணத்தைப் பற்றியும் ஒன்று. நகரத்தில் ஒரு தனியார் நிலையத்தில், பெரியம்மாவின் தோலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், 'கரண்ட் பிடிக்கிறதுக்கு' நீண்டதொரு தொடரை முன்பணம் கட்டி எடுக்கச் சொன்னார்கள். டென்ஸ் ஒருவருக்கு ஒத்துவருமா இல்லையா என்பது சரியான இடத்தில் ஒட்டி, சரியான அளவுக்குக் கூட்டி, சில கிழமைகள் பாவிக்கும்போதே தெரிந்துவிடும். ஒத்துவராவிட்டால் நிறுத்தி வேறு வழியைப் பார்க்கலாம். எந்த இழப்பும் இல்லை. ஆகவே முதலில் ஓர் இயன்மருத்துவரிடம் போய், பஞ்சால் சோதித்து இடத்தைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு கருவியை இரவலாக வாங்கிப் பாருங்கள். வாங்கும்போது, மீடிறனையும் துடிப்பின் அகலத்தையும் தனித்தனியாக மாற்றக்கூடியதா, பட்டைகள் இங்கே தொடர்ந்து கிடைக்குமா என்ற இரண்டையும் கேளுங்கள். எத்தனை விதமான 'மோட்' இருக்கிறது என்பது தேவையற்ற கேள்வி.

பெரியம்மா இப்போது பிரிகபலினை முன்பைவிடக் குறைந்த அளவில் எடுக்கிறார். குறைத்தது வைத்தியர்தான், நாங்களாக அல்ல. வலி காலத்தோடு தானாகவும் மெல்ல இறங்கிவருவதால், எது எவ்வளவுக்கு உதவியது என்று பிரித்துக் கணக்குச் சொல்ல என்னால் முடியாது. என் தம்பி, தனக்கும் வருமோ என்று பயந்து, தடுப்பூசியைப் பற்றிக் கேட்டிருந்தான். 2017 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஷிங்ரிக்ஸ் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு உரியது. இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள். பெரிய ஆய்வில் அக்கியைத் தடுக்கும் திறன் 97 வீதமாக இருந்தது. அக்கி ஒருமுறை வந்து போனவர்களும் போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே தங்கிவிட்ட வலியை அது தணிக்காது. தம்பிக்கு ஐம்பத்தெட்டு, இது அவன் தன் வைத்தியரிடம் கேட்க வேண்டியது.